இன்சுலேஷன் போட்டும் வீடு சுடுகிறதா? கொழும்புக் கூரைகளுக்கு ஒரு பராமரிப்பு வழிகாட்டி

கூரைக்குக் கீழே ஃபொயில் அடித்த முதல் வருஷம் வீடு நன்றாகத்தான் இருந்திருக்கும். மூன்று நாலு வருஷம் போனதும் பங்குனி மத்தியானங்களில் ஃபேன் பழையபடி சுடுகாற்றை இறைக்கத் தொடங்கும். "சரக்கு சரியில்லை" என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் ஒரு டோர்ச்சை எடுத்துக்கொண்டு சீலிங்குக்கு மேலே எட்டிப் பாருங்கள். அநேகமாகச் சரக்கு அப்படியேதான் இருக்கும். ஆனால் ஒரு மூலை தொய்ந்து சீலிங்கில் கிடக்கும். எலி தனக்கென்று ஒரு பாதை போட்டிருக்கும். டிஷ் பூட்ட வந்த பையன் கால் வைத்த இடம் கிழிந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே தூசு.

கொழும்பில் இன்சுலேஷனுக்கு வெயிலால் வருகிற கெடுதல் குறைவு. ஈரம், தூசு, பிராணிகள், வேறு வேலைக்காக மேலே ஏறுகிற ஆட்கள் என்ற இந்த நாலும்தான் அதைக் கெடுக்கின்றன. நாலையும் பார்த்துக்கொண்டால் புதிதாக எதையும் வாங்காமலே பல வருஷம் ஓட்டலாம்.

முதலில், உங்கள் கூரையில் இருப்பது எது?

இங்கே அதிகம் காண்பது அலுமினியம் ஃபொயில் ஒட்டிய மெல்லிய ஃபோம் றோல். அஸ்பெஸ்டஸ், அலுமினியத் தகடு, ஓடு எதுவானாலும் அதற்குக் கீழே இதைத்தான் விரிக்கிறார்கள். அடுத்தது சீலிங்குக்கு மேலே பரப்பும் கிளாஸ் வூல். சில வீடுகளில் சீலிங் சட்டங்களுக்கு நடுவே ரெஜிஃபோம் (பொருட்களைப் பொதி செய்யும் வெள்ளை ஃபோம்) பலகையை வெட்டி வைத்திருப்பார்கள். கொங்கிறீட் ஸ்லாப் வீடுகளில் பெரும்பாலும் மேலே பூசிய வெள்ளைக் கூரைப் பெயின்ட்தான் இன்சுலேஷன் வேலையைச் செய்கிறது.

ஃபொயில் ஃபோமைப் பற்றி ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 5 மில்லிமீட்டர் ஃபோமின் தடிப்பால் கிடைக்கும் பலன் கொஞ்சம்தான். உண்மையான வேலையைச் செய்வது பளபளப்பு. சூடான தகடோ சீமெந்தோ தனக்குள் இருக்கும் வெப்பத்தைக் கதிராகத் தாராளமாகக் கீழே இறக்கும். பளபளப்பான அலுமினியம் அப்படி இறக்குவது மிகவும் குறைவு, சாதாரணப் பரப்போடு ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் அந்தப் பளபளப்புக்கு முன்னால் வெறும் காற்று இருந்தாக வேண்டும், குறைந்தது ஓர் அங்குலமாவது. ஃபொயில் எதன்மீதாவது ஒட்டிக் கிடந்தால் வெப்பம் தொடுகையாலேயே கடந்துவிடும், பளபளப்புக்கு அங்கே வேலையில்லை. இடைவெளி, பளபளப்பு, உலர்வு மூன்றும் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் ஃபொயில் பராமரிப்பு.

எப்போது ஏறுவது

வருஷத்துக்கு இரண்டு தரம் போதும். முதலாவது மாசிக் கடைசி, பங்குனி முதல் வாரம். ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. கொழும்புக்கு அது 7ஆம் திகதியை அண்டி வரும். மே பிற்பகுதியில் தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கொண்டுவரும். இந்த இரண்டுக்கும் முன்னால் வேலை முடிந்திருக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. சித்திரைப் புத்தாண்டுக்கு மேசன் பாஸ், தச்சு பாஸ் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள். திரும்பி வந்தாலும் முதலில் பழைய வாடிக்கையாளர்களுக்குத்தான் போவார்கள். சித்திரையில் ஒழுக்கைக் கண்டுபிடித்துவிட்டு ஆளைத் தேடி அலைவதைவிட மாசியிலேயே கதைத்து வைத்துவிடுவது நல்லது.

இரண்டாவது தரம் செப்டம்பரில். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரங்களில் இடியோடு கொட்டும் மழைதான் கொழும்புக் கூரைகளை உண்மையில் சோதிப்பது.

எந்த மாதமானாலும் இரண்டு மூன்று நாள் மழை விட்ட பிறகு, காலையில் ஏறுங்கள். ஒன்பது மணிக்குள் இறங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு கூரைக்குள் இருக்கிற வெக்கை விளையாட்டில்லை.

மேலே போவதற்கு முன்

2009இல் அவுஸ்திரேலிய அரசு வீடுகளுக்குக் கூரை இன்சுலேஷன் போடும் பெரிய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதில் நாலு இளம் வேலையாட்கள் இறந்துபோனார்கள். மூவர் மின்சாரம் தாக்கி, ஒருவர் கூரைக்குள் இருந்த வெக்கையால். ஃபொயிலைப் பிடிக்க அடித்த உலோக ஸ்டேபிள் வயரைத் துளைத்ததும் அந்தச் சாவுகளுக்கு ஒரு காரணம். 2010 பெப்ரவரியில் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். நம்முடைய பழைய வீடுகளில் கூரைக்குள் வயர் போயிருக்கும் விதத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

ஆகவே மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு டோர்ச்சோடு ஏறுங்கள். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று நம்பி ஏற வேண்டாம். மெயினை இறக்கினாலும் வெளியிலிருந்து மீட்டருக்கு வரும் வயரில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். அது தாழ்வாரம் வழியாக வருகிறதா என்று முதலே பார்த்து வையுங்கள். சோலார் பூட்டிய வீடென்றால் பனல்களிலிருந்து இறங்கும் வயரிலும் பகல் முழுக்கக் கரண்ட் இருக்கும். வயரின் உறை வெடித்து ஃபொயிலில் தொட்டுக்கொண்டிருப்பதைக் கண்டால் கையை வைக்காமல் இறங்கி வந்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஃபொயிலைப் பிடிக்க உலோக ஸ்டேபிள் இனி வேண்டவே வேண்டாம். டேப், நைலோன் கயிறு, பிளாஸ்டிக் கிளிப் போதும்.

முகக்கவசம், கையுறை, நீளக் கைச் சட்டை மூன்றும் கட்டாயம். கிளாஸ் வூல் தோலைக் கடிக்கும், எலி மூத்திரம் எலிக்காய்ச்சலைத் தரும். சீலிங் சீட்டில் கால் வைக்காதீர்கள். மரச் சட்டங்களுக்குக் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு அதில் நகருங்கள்.

அஸ்பெஸ்டஸ் கூரையென்றால் இன்னும் கவனம். தகட்டைத் துளைப்பது, வெட்டுவது, காய்ந்த பாசியைச் சுரண்டுவது, பிரஷர் வோஷர் அடிப்பது எல்லாமே, மூச்சோடு உள்ளே போகக்கூடாத அஸ்பெஸ்டஸ் நாரைக் காற்றில் கிளப்பும் வேலைகள். பழைய தகடு ஆளின் பாரத்தையும் தாங்காது. அதன் மேல் ஏறுவது பழகியவர்களின் வேலை. அவர்களும் ஆணி வரிசைக்கு மேலே பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும்.

தூசும் இடைவெளியும்

தகட்டுக்குக் கீழே கட்டி, பளபளப்பான பக்கம் கீழ்நோக்கி இருக்கும் ஃபொயிலில் தூசு அவ்வளவாகத் தங்காது. அதைச் சும்மா விட்டுவிடுங்கள். சிக்கல், சீலிங்கின் மேல் பளபளப்பு மேலே பார்க்க விரித்துப் போட்ட ஃபொயிலில்தான். காலி வீதிப் புகை, கட்டட வேலைத் தூசு, ஓட்டு இடுக்கால் இறங்கும் பொடி எல்லாம் அதில் படியும். படிந்தபின் அது அலுமினியம் இல்லை, சாம்பல் நிறத் துணி. விரலால் ஒரு கோடு கீறிப் பாருங்கள். கோடு பளிச்சென்று தெரிந்தால் துடைக்கும் நேரம் வந்துவிட்டது.

துடைப்பதற்கு மென்மையான காய்ந்த துணி போதும். ஒட்டிய அழுக்கென்றால் பிழிந்த ஈரத்துணி. சவர்க்காரத் தூள், விம், ப்ளீச் எதுவும் வேண்டாம். அலுமினியப் படலம் மிக மெல்லியது, அழுத்தித் தேய்த்தால் அழுக்கோடு அதுவும் வந்துவிடும். அடுத்த தரம் புதிதாகப் போடும்போது பளபளப்புப் பக்கத்தைக் கீழே பார்க்கவும், அதற்குக் கீழே வெறும் இடம் இருக்கவும் போடச் சொல்லுங்கள். துடைக்கும் வேலையே இருக்காது.

தொய்வைக் கண்டுபிடிக்கக் கீழே படுத்துப் பார்ப்பதுபோல் தலையைத் தாழ்த்தி, டோர்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். வயிறு தள்ளிய இடங்கள் நிழலோடு தெரியும். கட்டியிருந்த கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கும், அல்லது தாங்க வைத்த வலை கழன்றிருக்கும். கைமரத்துக்குக் குறுக்கே நைலோன் கயிற்றை இழுத்துக் கட்டி மேலே தூக்கிவிடுங்கள். கம்பிதான் வேண்டுமென்றால் ஸ்டெயின்லஸ் வாங்குங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் காலி வீதிக்குக் கடற்பக்கம் இருக்கிற வீடுகளில் சாதாரணக் கம்பி உப்புக்காற்றுக்கு நிற்காது.

மூட்டுகளில் டேப் விட்டிருந்தால் பழையதன் மேல் புதியதை ஒட்ட வேண்டாம். பழையதை உரித்து, இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, இரண்டு அங்குல அலுமினியம் டேப்பை வைத்து துணி சுற்றிய ஒரு கட்டையால் நன்றாக அழுத்தித் தேய்க்க வேண்டும். காகித டேப்பும் பிரவுன் டேப்பும் ஒரு சித்திரை வெக்கைக்குக்கூடத் தாங்காது.

கூரையின் முகட்டுச் சுவரிலும் தாழ்வாரத்திலும் காற்றுப் போக விட்டிருக்கும் துளைகளை ஃபொயிலாலோ கிளாஸ் வூலாலோ அடைத்துவிடாதீர்கள். உள்ளே அடைபட்ட சூடு வெளியே போகும் வழி அதுதான்.

தண்ணீர்

இந்தப் பகுதியை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதி வேலை முடிந்தது. கிளாஸ் வூல் வெப்பத்தைத் தடுப்பது கண்ணாடியால் இல்லை, நார்களுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்றால். நனைந்தால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும்.

ஃபொயில் உள்ள கூரையில் ஒழுக்கைப் பிடிப்பது சுலபமில்லை. தண்ணீர் உள்ளே வருகிற இடம் ஒன்று, சீலிங்கில் கறை தெரிகிற இடம் வேறொன்று. ஆணித் துளையால் இறங்கிய தண்ணீர் ஃபொயிலின் மேல்பக்கமாகச் சரிவில் ஓடி, ஒரு மூட்டோ கிழிசலோ கிடைத்த இடத்தில்தான் சொட்டும். கறைக்கு நேர் மேலே சீமெந்து பூசிவிட்டு "பார்த்தாயிற்று" என்று பாஸ் இறங்கினால் அடுத்த மழைக்கு அதே கறை திரும்ப வரும். கறையிலிருந்து முகட்டுப் பக்கமாக மேலே தேடிக்கொண்டு போக வேண்டும். கைமரத்தில் கறுத்த கோடு, ஃபொயிலில் காய்ந்த சேற்றுத் தடம், துருச் சிவப்பு ஆகியவை வழி காட்டும். தெரியவில்லையென்றால் ஒருவர் உள்ளே டோர்ச்சோடு இருக்க, இன்னொருவர் வெளியே ஹோஸால் தாழ்வாரத்திலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல மேலே நனைத்துக்கொண்டு போகட்டும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்திலும் ஓடி ஒன்றும் விளங்காது.

தகட்டுக் கூரையில் முதல் சந்தேகம் எப்போதும் ஆணியின் ரப்பர் வொஷர்மீதுதான். வெயிலில் காய்ந்து வெடித்துவிடும். அதன்மேல் சிலிக்கன் அப்புவது ஒரு மழைக்காலத்துக்குத்தான் வரும், வொஷரோடு ஆணியை மாற்றுவதுதான் சரி. ஓட்டுக் கூரையில் நகர்ந்த ஓடும் வெடித்த முகட்டுச் சாந்தும். சாந்து பூசும்போது ஈரச் சீமெந்து ஃபொயிலில் விழாமல் ஒரு சாக்கை விரிக்கச் சொல்லுங்கள். ஈரச் சீமெந்து அலுமினியத்தை அரித்துத் துளை போட்டுவிடும். பீலியில் இலை அடைத்து, தண்ணீர் பின்பக்கமாக வழிந்து உள்ளே வருவதும் சாதாரணம். பீலியில் தேங்கிய தண்ணீருக்கு நுளம்பும் வரும் என்பதால், அதை இரண்டு தரம் என்றில்லாமல் மாதம் ஒரு தரம் பார்ப்பது நல்லது.

நனைந்த கிளாஸ் வூலை அங்கேயே காயட்டும் என்று விடக்கூடாது. வெளியே எடுத்து நிழலில் காற்றுப் படும்படி தட்டையாக வையுங்கள். காய்ந்தபின் பழைய தடிப்புக்கு உப்பி வந்தால் திரும்பப் போடலாம். கட்டிபட்டு, அமுங்கி, பூஞ்சண மணம் வந்தால் எறிந்துவிட வேண்டியதுதான். ஃபொயில் ஃபோம் தண்ணீரை உறிஞ்சாது. தேங்கியதைத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

மழையே இல்லாமல் ஈரம் வந்தால்? ஏசி அறை என்றால் காரணம் ஒழுக்காக இல்லாமல் இருக்கலாம். கொழும்புக் காற்றில் ஈரம் எவ்வளவு என்றால், பல நாட்களில் 23, 24 பாகைக்குக் குளிர்ந்த பரப்பு எதிலும் அது நீராகப் படியத் தொடங்கும். ஏசியை 18இல் விட்டு இரவு முழுக்க ஓட்டினால் சீலிங் சீட் குளிர்ந்து, அதன் மேல்பக்கத்தில் கூரைக்குள் இருக்கும் ஈரக்காற்று வியர்க்கும். சீலிங் மூலைகளில் கறுப்புப் புள்ளிகள் வருவது பெரும்பாலும் இதனால்தான். ஏசியை 26க்கு ஏற்றி ஃபேனையும் போடுங்கள். லைட் துளைகளையும் சீலிங் ஓர இடுக்குகளையும் அடைத்து, அந்த அறைக்கு மேலே இன்சுலேஷன் விடுபட்ட இடம் இல்லாமல் பாருங்கள். ஏசியின் செப்புக் குழாயைச் சுற்றிய கறுப்பு ரப்பர் உறையையும் கையோடு பாருங்கள். வெளிச்சுவரில் வெயில் பட்டு அது பொடிந்துபோயிருந்தால் குழாய் சொட்டும், கரண்டும் வீணாகும்.

எலி, மரநாய்

அரை அங்குல இடைவெளி எலிக்குத் தாராளம். ஃபோமைக் கடித்துக் கூடு கட்டும், வயரையும் கடிக்கும். தகட்டின் வளைவுகளுக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்துகளை அடைப்பதுதான் மருந்து. ஸ்டெயின்லஸ் வலையைத் திணித்து அதன்மேல் சாந்து பூசுங்கள். நைலோன் வலையை ஓர் இரவில் கடித்துவிடும். கூரைக்குள் எலிப் பாஷாணம் வைக்கிறவர்கள், செத்த எலியைத் தேடி இன்சுலேஷன் முழுவதையும் புரட்ட வேண்டி வரும் என்பதை முதலே யோசிப்பது நல்லது.

இரவில் ஆள் நடப்பதுபோல் சத்தம் கேட்டால் அது மரநாய். கொழும்பு நகருக்குள்ளேயே தாராளமாக உண்டு. ஒரே மூலையில் எச்சமும் மூத்திரமும் போய் அந்த இடத்து இன்சுலேஷனை நாசமாக்கிவிடும். அதைக் கொல்லத் தேவையில்லை. இருட்டியதும் இரை தேடி வெளியே போகும், அப்போது வழியை அடைத்துவிடுங்கள். குட்டி இருக்கிறதா என்று கட்டாயம் பார்த்த பிறகு. சுவரைத் தொடும் மாமரக் கிளையை வெட்டினால் பாதிப் பயணம் நின்றுவிடும். அழுக்கான இன்சுலேஷன் துண்டைக் கழுவிப் பார்க்காமல் வெட்டி எடுத்துவிட்டுப் புதிய துண்டை வையுங்கள்.

மற்ற வேலைக்காரர்கள்

என் கணிப்பில், எலியைவிட அதிகம் கிழிப்பது மனிதர். டிஷ், இன்டர்நெட் கேபிள், ஏசி, சிசிடிவி, சோலார், டவுன்லைட் என்று யார் வந்தாலும் கிளாஸ் வூலை ஒரு பக்கம் சுருட்டி வைத்துவிட்டு வேலை முடிந்ததும் அப்படியே இறங்கிவிடுவார்கள். அவர்களையும் சொல்லிக் குற்றமில்லை, அது அவர்கள் வேலை இல்லை. காசு கொடுப்பதற்கு முன் நீங்களே ஏறிப் பாருங்கள், அல்லது சீலிங் கதவால் கையை நீட்டி ஃபோனில் ஒரு வீடியோ எடுங்கள். வேலைக்கு முன் எடுத்த வீடியோவும் கையில் இருந்தால் வாக்குவாதத்துக்கு இடமில்லை. சுருட்டிய கிளாஸ் வூலைத் திரும்ப விரிக்கும்போது அமுக்கித் திணிக்க வேண்டாம். அமுங்கினால் தடிப்புக் குறையும், காப்பும் குறையும். டவுன்லைட்டின் டிரைவர் பெட்டிக்கு (லைட்டுக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி) மேல் எதையும் மூட வேண்டாம், அதற்குக் காற்று வேண்டும்.

ஸ்லாப் வீடு, அடுக்குமாடி

நல்ல வெள்ளைக் கூரைப் பெயின்ட் புதிதில் வெயிலில் 80 வீதத்துக்குக் கிட்டத் திருப்பி அனுப்பும். இரண்டு மழைக்காலம் போனால் பாசி ஏறிக் கறுத்துவிடும். கறுத்த பெயின்ட் வெறும் சீமெந்தைவிடப் பெரிதாக உதவாது. தை, மாசியில் பிரஷும் சவர்க்காரத் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். கழுவியும் வெளுக்காத இடத்துக்கு மட்டும் மறுபூச்சு. பூசும் முன் தண்ணீர் தேங்கும் பள்ளங்களைச் சமப்படுத்துங்கள், தேங்கிய இடத்தில்தான் பெயின்ட் முதலில் உரியும்.

அடுக்குமாடியில் கடைசி மாடி என்றால் கூரை உங்களுடையதில்லை, எல்லோருக்கும் பொது. நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரர் ஊடாகக் கொடுப்பது நல்லது. வாயால் சொன்னது அடுத்த கூட்டத்தில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது

மின் பில்லில் ரூபாயைப் பார்க்காதீர்கள். 2022 ஓகஸ்டிலிருந்து கட்டணம் ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. யூனிட்டைப் பாருங்கள், சென்ற வருஷத்து அதே மாதத்தோடு ஒப்பிட்டு.

இதைவிட நேரடியான வழி, வெயில் எறிக்கும் ஒரு நாள் பின்னேரம் இரண்டு மணிக்குச் சீலிங்கையும் உட்சுவரையும் அளப்பது. பரப்பு வெப்பம் அளக்கும் இன்ஃப்ராரெட் கருவி வேண்டும். கொரோனா காலத்தில் நெற்றிக்கு வாங்கியது பெரும்பாலும் சரிவராது, அது உடல் வெப்பத்துக்கு மட்டும் ஆனது. பளபளப்பான ஃபொயிலை நேரே அளந்தாலும் பொய் சொல்லும். ஒரு துண்டுக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, கொஞ்ச நேரம் விட்டு, அந்த டேப்பை அளந்து பாருங்கள். எண்ணை எழுதி வையுங்கள். சீலிங்குக்கும் சுவருக்கும் உள்ள வித்தியாசம் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டு போனால் மேலே ஏதோ விட்டுப்போயிருக்கிறது. ஒரே ஓர் அறையில் மட்டும் கூடினால் அந்த அறைக்கு மேலேயே தேடுங்கள்.

எப்போது மாற்றுவது

ஃபொயில் விரலோடு வெள்ளிப் பொடியாக வந்தால், ஃபோம் மடிக்கும்போது பிஸ்கட் மாதிரி உடைந்தால், துளைகள் வழியாகக் கீழே இருந்து தகடு தெரிந்தால், ஒட்டுப்போட்டுக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. மற்றபடி கெட்ட பகுதியை மட்டும் வெட்டி மாற்றினால் போதும்.

பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார்க் கடைகளுக்குப் போகும்போது பழையதில் ஓர் உள்ளங்கை அளவு துண்டைக் கொண்டு போங்கள். தடிப்பைச் சொல்லிக் கேட்பதைவிடக் காட்டிக் கேட்பது லேசு. உண்மையான அலுமினியமா, வெள்ளி நிறப் பிளாஸ்டிக்கா என்று கேளுங்கள். இரண்டும் மினுங்கும், வெப்பத்தை நிறுத்துவதில் இரண்டும் ஒன்றில்லை. ஒரு பக்கத்தை விரலால் கசக்கிவிட்டுப் பார்த்தால், அலுமினியம் மடிப்போடு அப்படியே நிற்கும், பிளாஸ்டிக் திரும்ப விரியும். வேலைக்குத் தேவையானதைவிட இரண்டு மீட்டர் கூட வாங்கி, மிஞ்சியதை ஒரு டேப் றோலோடு சீலிங் கதவுக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்துவிடுங்கள். அடுத்த கிழிசலுக்கு அதே தடிப்பைத் தேடி அலைய வேண்டியிருக்காது.